மடத்துச் சுவர் சட்டை உரித்த கதை

“அம்மா, பணம் பத்தாது.”

அம்பலவாணன் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். வெயிலில் கடைத்தெரு முழுக்க அலைந்துவிட்டு வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பெயிண்ட் கடைக்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் கையில் படபடத்தது.

அவர் அம்மா என்று கூப்பிட்டது தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரை. உப்புத்துறை மடத்தின் தலைவி திருநிலை அம்மை. ஊரே அவரை அம்மா என்றுதான் கூப்பிடும்.

அம்பலவாணன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞானம் வேண்டும் என்று மடத்துக்கு வந்தார். அம்மா சாவிக்கொத்தைக் கொடுத்தார். அன்றிலிருந்து கூரை ஒழுகினாலும் குழாய் அடைத்தாலும் இவர் தலையில்தான் விடியும்.

எல்லாவற்றையும் சமாளித்துவிட்டார். இந்த வெளிச்சுவர் ஒன்றுதான் அவருக்கு அடங்கவில்லை.

மடம் கடலைப் பார்த்த கட்டடம். உப்புக் காற்று, புழுக்கம், கேட்கவே வேண்டாம். அது போதாதென்று, மடத்தின் முதல் குருவுக்குப் பூசை வருவது ஐப்பசியில். அடைமழை மாதம். ஆனாலும் விருந்தாளிகள் வரும்போது சுவர் பளிச்சென்று இருக்க வேண்டாமா? மழை கொஞ்சம் விட்டதோ இல்லையோ, ஆளை ஏற்றி அவசர அவசரமாகப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். காலம் காலமாக இதுதான் வழக்கம்.

குருபூசையன்று பார்த்தால் கல்யாண வீடுதான். தை பிறக்கும்போது பொருக்குப் பொருக்காகத் தொங்கும். மடத்துச் சுவர் பாம்பு மாதிரி வருஷா வருஷம் சட்டை உரிக்கிறது என்று கேலி பேசாத வாய் ஊரில் இல்லை.

இந்த வருஷம் விஷயம் கேலியோடு நிற்கவில்லை.

பெயிண்ட் செலவைக் கொடுப்பவர் ஐஸ் ஃபேக்டரி மாசிலாமணி. கட்டடமும் அவர் குடும்பத்துடையதுதான். தாத்தா மடம் நடத்த விட்டுவைத்தார், பத்திரம் பேரன் கையில் இருக்கிறது. பேரனுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. இதுதான் கடைசிப் பணம், அடுத்த வருஷக் குருபூசைக்கு வந்து பார்ப்பேன், அன்றைக்கு ஒரு சில்லு உதிர்ந்திருந்தாலும் கட்டடத்தை லாட்ஜுக்கு விட்டுவிடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மடம் போனால் மத்தியானச் சோறு போகும். கடலுக்குப் போக உடம்பில் தெம்பில்லாதவர்கள் அந்தச் சோற்றை நம்பித்தான் இருந்தார்கள். பந்தியில் பரிமாறுகிறவர் அம்பலவாணன். ஒவ்வொரு முகமும் அவருக்குத் தெரியும்.

அதனால்தான் கடையிலேயே உசத்தியான பெயிண்டைக் கேட்டார். பத்து வருஷத்துக்கு அசையாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். விலையைக் கேட்டால் தலை சுற்றியது. இருக்கிற பணமெல்லாம் மூன்று பக்கத்துக்கே சரியாய்ப் போய்விடும். கடல் பக்கத்துச் சுவருக்கு ஒரு சொட்டு மிஞ்சாது.

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு எஸ்டிமேட்டை நீட்டினார்.

அம்மா அதை வாங்கவில்லை.

“முதல்ல விபூதி எடுத்துக்குங்க ஐயா.”

அம்பலவாணன் குனிந்தார். அம்மா நெற்றியில் பூசினார். வேர்வையில் கரைந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

இன்னொரு தடவை பூசினார். அது புருவத்தில் இறங்கி, கண்ணில் போய் எரிந்தது.

“விபூதி மட்டமோ?” என்றார் அம்மா. “இன்னும் உசத்தியா வாங்கிப் பாப்போமா?”

“விபூதிக்கு என்னம்மா குறை? எனக்கு வேர்த்துக் கொட்டுது.”

அம்மா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நெற்றியை அழுந்தத் துடைத்தார். பனையோலை விசிறியால் வீசினார். வீசிக்கொண்டே இருந்தார். நெற்றி நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சிட்டிகை எடுத்துப் பூசினார்.

நின்றது.

“போயிட்டு வாங்க” என்றார்.

அம்பலவாணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவிடம் காட்ட முடியுமா? வாசலில் வந்து செருப்பிடம் காட்டினார். தலை போகிற காரியமாக வந்தவனை முகம் துடைத்து அனுப்புகிறார்கள், நான் என்ன பள்ளிக்கூடம் போகிற பிள்ளையா என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பில் காலை நுழைத்தார். வார் மாட்டவில்லை. பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக் குனிந்தார்.

உள்ளங்கை சில்லென்றது.

எடுத்துப் பார்த்தார். ஈரம். முந்தின நாள் பெய்த மழை இன்னும் சுவருக்குள்ளேயே இருந்தது. போன வருஷப் பெயிண்ட் ஒரு பொருக்காக அவர் கையோடு வந்திருந்தது.

மற்றொரு கையால் நெற்றியைத் தொட்டார். விபூதி அப்படியே இருந்தது.

ஒரு கால் செருப்போடு உள்ளே ஓடினார்.

“அம்மா, சுவருக்கு வேர்த்திருக்கு.”

“ஆமா.”

“இத்தனை வருஷமா நாம துடைக்காமயே பூசிட்டிருக்கோம்.”

“வேர்வை எங்கேருந்து வருது?”

அம்பலவாணன் கையோடு வந்த பொருக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தெரியலைன்னா மழையைக் கேளுங்க” என்றார் அம்மா.

“மழை வரட்டும்னு காத்திருந்தா குருபூசைக்குப் பெயிண்ட் அடிக்க முடியாதேம்மா?”

அம்மா கையை நீட்டி எஸ்டிமேட்டை வாங்கினார். நாலாக மடித்தார். அதாலேயே விசிறிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மடத்துச் சுவர் நிஜமாகவே சட்டை உரித்தது. ஆள் விட்டுப் பழைய பெயிண்டை எல்லாம் சுரண்டித் தள்ளியாயிற்று. பாசியைத் தேய்த்துக் கழுவியாயிற்று. குருபூசைக்கு வந்த கூட்டம் அம்மணமாக நின்ற சுவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

மாசிலாமணி சிரிக்கவில்லை.

“பெயிண்ட் எங்கய்யா?”

“உரிச்சுட்டோம் முதலாளி.”

“அது தன்னால உரியும். நீ எதுக்குய்யா உரிச்சே?”

பந்தியே கொல்லென்று சிரித்தது. அம்பலவாணனுக்கு மானம் போயிற்று. வங்கியில் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் ஒருவர் அவரை இப்படி நாலு பேர் நடுவில் கேட்டதில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது.

அம்பலவாணன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் அடுப்புக்கரியுமாக மடத்தைச் சுற்றினார். சுவரில் எங்கே முதலில் ஈரம் கோக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டார். விடாத மழையிலும் போட்டார், தூறலிலும் போட்டார். தெருவில் போகிறவர்கள் பாவம், மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழாமல் பேச வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது சுவரெல்லாம் கரிக்கோடு. ஆனால் கோடுகள் கண்ட இடத்தில் இல்லை. எல்லாம் சேர்ந்து மேலே மூன்று இடத்துக்கு ஏறிப் போயின. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசல். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு சுவரோடு சேரும் இடம். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயில் ஓர் உடைசல். சுவர் பாவம், சும்மா வேர்த்ததே தவிர, வியாதி அதற்கு இல்லை.

தையில் அம்மா முன்னால் வந்து நின்றார் அம்பலவாணன். இந்தத் தடவை அவரே போட்ட கணக்கு.

“விரிசல் அடைக்க, குழாய் மாத்த, பூச்சு உதிர்ந்த இடம் பூச, உப்பு போகக் கழுவ, பட்டி பாக்க, பிரைமர் அடிக்க. துடைக்கறதுக்கே முக்கால்வாசிப் பணம் போயிடும்மா. மிச்சத்துக்கு நடுத்தரமான பெயிண்ட்தான் வரும்.”

“நாலு பக்கமும் வருமா?”

“வரும்” என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்தார். “கொஞ்சம் கையிலயும் நிக்குது.”

“அது எதுக்கு?”

“வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி மாடியையும் குழாயையும் ஒரு பார்வை பாக்கணும்ல?”

அம்மா சிரித்தார். அம்பலவாணன் சீடராகச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொன்னதற்கு அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மாசியில் கொத்தனார் வேலை முடிந்தது. உடனே பெயிண்டைத் திறக்க ஆள் வந்தான். அம்பலவாணன் விடவில்லை. தினமும் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தால் திரும்பி வந்துவிடுவார். சுவர் அவர் கையைவிடக் காய்ந்து கிடந்த ஒரு நாளில்தான் பிரைமர் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

பங்குனியில் பெயிண்ட் அடித்தார்கள். வெயில் இந்தப் பக்கம் வந்தால் ஆட்கள் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். சூட்டில் அடித்தால் கொப்புளம் போடும் என்று அம்பலவாணன் நிழலோடு நிழலாக ஏணியைத் துரத்திக்கொண்டிருந்தார். திருவிழா இல்லை, விருந்தாளி இல்லை. சுவர் பளிச்சென்று ஆனதைக் காக்கைகள்தான் பார்த்தன.

மறுபடியும் ஐப்பசி. மறுபடியும் குருபூசை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

மாசிலாமணியின் கார் வந்து நின்றது. இறங்கியவர் தனியாக வரவில்லை, லாட்ஜ்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, வாய்க்கும் கொண்டுபோகவில்லை.

அம்பலவாணன் பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

மாசிலாமணி குடையைப் பிடித்துக்கொண்டு தெருப் பக்கச் சுவரைப் பார்த்தார். நகத்தால் கீறினார். கார் சாவியால் கீறினார். சாவிதான் வழுக்கியது. அடுத்த பக்கம் போனார். அதற்கடுத்த பக்கம் போனார். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நனைந்துகொண்டே கடல் பக்கம் போய், சுவரோடு முகத்தை வைத்துப் பார்த்தார். வெளியே தண்ணீர் வழிந்தது. பெயிண்ட் ஒரு பொட்டு அசையவில்லை.

உள்ளே வந்து அதே சுவரின் உட்புறத்தில் கையை வைத்தார். கையைப் பார்த்தார். காய்ந்த கை.

“கட்டடம் அருமையா இருக்கே!” என்றார் லாட்ஜ்காரர். “பேசினதுக்கு மேலயே வாடகை தரேன்.”

“சோறு போடற இடத்துக்கு என்னய்யா வாடகை? வந்தீங்கள்ல, இலையில உக்காந்து சாப்பிட்டுப் போங்க” என்றார் மாசிலாமணி.

பந்தியில் கைகள் மறுபடியும் வாய்க்குப் போயின. யாரோ அப்பளம் நொறுக்கும் சத்தம் கேட்டது. அம்பலவாணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட வெட்கப்படவில்லை.

மாசிலாமணி அவரிடம் வந்தார். மழையும் வேர்வையும் நெற்றியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தன.

“உண்மையைச் சொல்லுய்யா. அப்படி என்ன உசத்தியான பெயிண்ட் வாங்கினே?”

அம்பலவாணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா விபூதித் தட்டோடு வந்துவிட்டார். மாசிலாமணி பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தார். அம்மா ஒரு சிட்டிகை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அம்மா அம்பலவாணனைப் பார்த்தார்.

“இருங்க முதலாளி” என்று அம்பலவாணன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.