தோற்றவர் பையில் பதினோரு குப்பி

எங்கள் ஆபீசில் ஒரு குரு உண்டு. காவி கிடையாது, தாடி கிடையாது. வயது முப்பத்து மூன்று, பெயர் கோகிலவாணி. பீளமேட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து 'மும்மதில்' என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறோம். அதில் எந்த வாள் எவ்வளவு வெட்ட வேண்டும், எந்த மருந்து எவ்வளவு உயிர் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்வது வாணியின் வேலை. குரு என்று முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டோம். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

சீடர், குருவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். மருதாசலம். பொள்ளாச்சியில் இருபது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் வாணியை மேடம் என்பார், வாணி அவரை சார் என்பார். வெளியாள் யாராவது கேட்டால் யார் யாரிடம் படிக்கிறார்கள் என்றே தெரியாது.

நான் ஜான்சி. விளையாட்டில் எங்கே உடையும் என்று நாள் பூராவும் தட்டிப் பார்க்கிற சோதனைக்காரி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதையும் மறைக்கப்போவதில்லை.

மும்மதிலில் களம் என்று ஓர் இடம் உண்டு. இரண்டு பேர் இறங்குவார்கள், ஒருவர்தான் எழுந்து வெளியே வருவார். காட்டில் மூலிகை பறித்து, காய்ச்சி, குப்பியில் அடைத்து, பையில் போட்டுக்கொண்டு களத்துக்கு வரலாம். அடி வாங்கும்போது ஒரு குப்பி குடித்தால் கொஞ்சம் உயிர் ஏறும். குடித்த குப்பி போனது போனதுதான். திரும்பக் காட்டுக்குப் போய்ப் பறிக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் மருதாசலம் கையில் தாளோடு வந்தார்.

"மேடம், களத்துல மருந்து இருக்கறது நியாயமாங்க?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"ஒரு மாசத்து ஆட்டம் பூரா எடுத்துப் பாத்துட்டனுங்க. பத்துக்கு ஏழு ஆட்டம் யார் அதிகம் குடிச்சாங்களோ அவங்கதான் ஜெயிக்கறாங்க. காட்டுல நாளெல்லாம் பறிக்க நேரம் இருக்கறவன் ஜெயிக்கறான், இல்லாதவன் தோக்கறான். இதுல சண்டை எங்கீங்க இருக்குது?"

வாணி தாளைப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. வாத்தியார் கணக்கு அல்லவா!

"தோத்தவங்க பையில என்ன மிச்சம் இருந்துச்சு? பாத்தீங்களா சார்?"

"அது எதுக்குங்க? அதான் தோத்தாச்சே."

வாணி தாளை மடித்து அவரிடமே கொடுத்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மருதாசலத்துக்கு இது வெறும் கணக்கு இல்லை. அவருக்கு ஒரு தம்பி, ஆறுச்சாமி. தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வால்பாறை இறக்கத்தில் அவர் ஓட்டிய வண்டி உருண்டு ஒரு காலேஜ் பெண் செத்துப்போனாள். அன்றைக்கு வீட்டு மாடி ஏறியவர்தான், கீழே இறங்கவே இல்லை. அம்மாவோடு பேச்சில்லை, அண்ணனோடு பேச்சில்லை. சோற்றுத் தட்டு மேலே போகும், கழுவாமல் கீழே வரும்.

அந்த மனுஷன் வாய் திறக்கிற ஒரே இடம் எங்கள் களம்.

அங்கே அவர் பெயர் 'மின்னல் ஆறு'. பேருக்குத்தான் மின்னல். தினமும் இறங்குவார், தினமும் தோற்பார். தோற்ற உடனே எதிராளிக்கு ஒரு வரி அனுப்புவார்.

'மருந்து தீந்துருச்சுடா. இல்லீன்னா இன்னைக்கு உன்னைய ஒரு கை பாத்திருப்பேன். நாளைக்கு வா.'

எதிராளியும் விடமாட்டான். 'வாங்க மின்னல் அண்ணா, நல்லாக் காய்ச்சி எடுத்துட்டு வாங்க' என்பான். அப்புறம் கொஞ்ச நேரம் கேலியும் கிண்டலுமாக ஓடும். எந்தக் காட்டில் எந்த மூலிகை, யார் வீட்டில் என்ன குழம்பு என்றெல்லாம். மருதாசலம் ஆபீசில் உட்கார்ந்து அந்த வரிகளைப் படிப்பார். தம்பியின் பேச்சை அவர் கேட்பது அப்படித்தான்.

"பாவம் மேடம் அவன். கையில மருந்து இல்லாமயே அடி வாங்கறான். சரிக்குச் சரி எறங்கினான்னா ஜெயிப்பானுங்க. ஒரு தடவை ஜெயிச்சுட்டான்னா போதும், மாடிய விட்டு எறங்கி வந்துருவான்."

வாணி எழுந்தார்.

"வாங்க சார், நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடலாம். மருந்து இல்லாம."

சோதனைக் களத்தில் உட்கார்ந்தார்கள். பதினோரு விநாடியில் மருதாசலம் தரையில் கிடந்தார்.

"ஏன் சார் தோத்தீங்க?"

"இந்த மவுசு இழுக்குதுங்க. என்னோடதா இருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்."

வாணி போய் அவருடைய மவுசையே எடுத்து வந்து கொடுத்தார். மறுபடி ஆட்டம். மறுபடி தரை.

"இப்ப ஏன் சார்?"

"நாற்காலி தாழ்வா இருக்குதுங்க."

நாற்காலியை மாற்றினார். மறுபடி தரை. ஜன்னல் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்றார். என்னிடம் ஜன்னலை மூடச் சொன்னார் வாணி. நானும் சிரித்துக்கொண்டே மூடினேன். நாலாவதுக்கு ஃபேன் காற்று என்றார், ஃபேனையும் நிறுத்தினேன். ஐந்தாவது ஆட்டமும் முடிந்தது.

"இப்ப ஏன் சார் தோத்தீங்க?"

மருதாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. இருபது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட மனுஷனுக்குப் பதில் வரவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

மெதுவாகச் சொன்னார்.

"புரிஞ்சுதுங்க மேடம். நான் இன்னும் நல்லாப் பழகோணும்."

வாணி அவரைப் பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். யார் ஒரு மாற்றத்தை எழுதுகிறார்களோ, அவர்கள் பெயர் போட்டுத்தான் அது வெளியே போகும். பெயர் போட்டவர் ஒரு வாரம் களத்துப் பேச்சு முழுக்க உட்கார்ந்து படிக்க வேண்டும். பாராட்டும் அவருக்கு, திட்டும் அவருக்கு. எழுதுகிறவரை குரு தடுக்க மாட்டார். வாணி வைத்த வழக்கம்தான் இது.

மருதாசலம் எழுதினார்: 'இன்று முதல் களத்தில் எந்த மருந்தும் குடிக்க முடியாது. இருவருக்கும் ஒரே உயிர், ஒரே ஆயுதம். இப்படிக்கு, மருதாசலம்.'

வாணி தடுக்கவில்லை.

முதல் நாள் ஒரே கொண்டாட்டம். 'இப்பத்தான்யா சண்டை' என்று எழுதினார்கள். 'யாருங்க அந்த மருதாசலம், கோயில் கட்டணும்' என்றான் ஒருவன். மருதாசலம் அதை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு மின்னல் ஆறு ஒன்பது ஆட்டம் ஆடினார். ஒன்பதும் தோல்வி.

ஒன்பதாவது முடிந்ததும் வழக்கம்போல ஒரு வரி போட்டார். 'மருந்தைப் புடுங்கிட்டாங்கடா பாவிங்க. இல்லீன்னா உன்னைய ஒரு கை பாத்திருப்பேன்.'

எதிராளி சின்னப் பையனாகத்தான் இருப்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சும்மா எழுதினான்.

'எனக்குந்தான் இல்லீங்களே அண்ணா.'

மின்னல் ஆறு பதில் போடவில்லை.

இரண்டாம் நாள் இருபத்திரண்டு ஆட்டம். ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்றாம் நாள் நாலு ஆட்டம். நாலாம் நாள் களத்தின் வாசல் வரை வந்து, சும்மா நின்று, போய்விட்டார். அதோடு சரி.

அவர் மட்டும் இல்லை. தோற்றுக்கொண்டே வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக நின்றார்கள். அடுத்த வாரம் களத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். நியாயத்துக்கு ஒரு குறையும் இல்லை. போய் நின்றால் எழவு வீடு மாதிரி இருந்தது.

அப்போதுதான் நான் பழைய ஆட்டங்களைத் தோண்டினேன். குரு அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றைக்கே தோண்டியிருக்க வேண்டும், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குடித்த குப்பி பதிவில் ஏறும். குடிக்காத குப்பி எங்கேயும் ஏறாது, பையைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கணக்குப் போடுகிற யாரும் அதைத் திறப்பதில்லை.

மின்னல் ஆறு தோற்ற ஆட்டங்களில் பையைத் திறந்தேன். பதினோரு குப்பி. அடுத்ததில் பதினோரு குப்பி. அதற்கடுத்ததிலும் அதே பதினொன்று. மருந்து தீர்ந்துவிட்டது என்று எழுதிய ஒவ்வொரு நாளும் அவர் பையில் பதினோரு குப்பி முழுசாக இருந்திருக்கிறது.

ஒரு தாளில் எழுதி மருதாசலத்திடம் காட்டினேன். பார்த்தார். மறுபடி மேலேயிருந்து பார்த்தார். தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை ஊருக்குப் போனார். திங்கட்கிழமை காலையில் வந்தவர் சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேராக வாணியின் மேஜைக்குப் போனார்.

"கம்ப்யூட்டரைச் சொவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கறானுங்க மேடம். ரெண்டு நாளாத் தட்டு அப்படியே இருக்குதுன்னு அம்மா அழுவுது."

"உங்ககிட்டப் பேசினாரா சார்?"

"பேசினானுங்க. மூணு வருஷத்துல முதல் தடவை."

"என்ன சொன்னாரு?"

மருதாசலம் அப்போதுதான் சாப்பாட்டுப் பையை மேஜைமேல் இறக்கி வைத்தார்.

"'நான் எப்பவுமே இப்படித்தானாண்ணா?'ன்னு கேட்டான்."

கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க ஜான்சி. எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்ல. பேசாம எறங்கி வந்துட்டேன்."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மருந்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் மாற்றம். பஸ்ஸிலேயே எழுதியிருக்கிறார், எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கீழே அவர் பெயர்.

வாணி அதைப் படித்தார். மருதாசலத்தின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். பத்து நிமிஷத்தில் மாற்றம் வெளியே போனது. களத்தில் மருந்து வந்துவிட்டது.

நான் வாணியின் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல? அன்னைக்கு அஞ்சு ஆட்டம் போட்டுக் காட்டுனீங்களே, தோக்கறவங்களுக்கு ஒரு சாக்கு வேணும், மருந்துதான் அந்தச் சாக்குன்னு ரெண்டு வார்த்தையில வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? அப்படி என்ன பெரிய வழக்கம், மண்ணாங்கட்டி வழக்கம்!"

வாணி என்மேல் கோபப்படவில்லை. பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"எனக்குத் தோக்கடிச்சுக் காட்டத் தெரிஞ்சுது ஜான்சி. சார் தலை குனிஞ்சு உக்காந்திருந்தப்ப, மேல சொல்ல வாய் வரலை. தப்பு என்னோடதுதான்."

மருதாசலம் இது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. திரையில் களத்தின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்தி பரவி ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவன் தோற்றான், 'வேகச் சாறு கொண்டு வர மறந்துட்டேன், இல்லேன்னா நடக்கறதே வேற' என்று எழுதினான். நாலு பேர் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் முன்னூறு பேர் ஆகிவிட்டது.

மின்னல் ஆறு வரவில்லை.

மருதாசலம் சாப்பிடப் போகவில்லை. நான் டீ கொண்டுவந்து வைத்தேன், ஆடை கட்டியது. நாலு மணிவாக்கில் அவர் திரும்பி வாணியைப் பார்த்தார். வாத்தியாரிடம் பாஸா பெயிலா என்று கேட்கிற பிள்ளை மாதிரிதான் நின்றார்.

"மேடம், மருந்து வந்துருச்சுன்னு அம்மாகிட்டப் போன்ல சொல்லட்டுங்களா? மேல போய்ச் சொன்னாங்கன்னா வருவானில்லீங்க? எல்லாம் முன்ன மாதிரியே வெச்சாச்சுதானுங்களே?"

"முன்ன மாதிரியேதான் வெச்சிருக்கேன் சார். ஒரு குப்பி கூடக் குறைக்கல."

"அப்ப வருவானுங்களா?"

வாணி கையைத் திரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்கு இப்பத் தெரிஞ்சு போச்சே சார்."