கானல்குறிச்சிக்குக் குளிர் வந்த கதை

கானல்குறிச்சியில் வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அது எவ்வளவு என்று தெரியாமல் இருந்தவரைக்கும் சனங்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

போன வருஷத்துச் சித்திரைக் கொடைத் திருவிழாவில்தான் வினை ஆரம்பித்தது. கொடை என்றால் உச்சிவெயிலில் அம்மன் கோயில் திடலில் நாடகம் உண்டு. ராஜா வேஷம் எப்போதும் பால்வண்ணனுக்குத்தான். ஜரிகை அங்கி, அட்டைக் கிரீடம், முகத்தில் தோசை கனத்துக்கு அரிதாரம். மேடைக்கு வந்தார், கையை உயர்த்தினார், "மந்திரி! நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டார், கேட்ட கையோடு பொத்தென்று விழுந்தார்.

இப்படி ஒரு நடிப்பை ஊர் பார்த்ததே இல்லை. கைதட்டல் ஓயவில்லை. "இன்னொருக்க விழுங்க அண்ணாச்சி!" என்று முன்வரிசையில் கேட்டார்கள். அவர் எழுந்திருக்காததால் இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனபோது, "இந்த வருசம் வண்டியெல்லாம் வச்சு நல்லாவே செலவழிச்சிருக்காவ" என்று மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பால்வண்ணன் பிழைத்துக்கொண்டார். நேரே கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது கிரீடத்தைக் கொம்பையாவின் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

கொம்பையா அதுவரை வாயிற்காவலன். ஈட்டியைப் பிடித்து நின்றே மீசை நரைத்தவர். வாயிற்காவலனுக்கு வசனம் கிடையாது. ஒரு வருஷம் மேடையில் தும்மிவிட்டதற்கே, 'இல்லாத வசனம் பேசினார்' என்று ஊர்க்கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு ராஜா வேஷம் வந்தால் சும்மா இருப்பாரா? மாட்டுத் தொழுவத்திலும் குழாயடியிலும் ஒத்திகைதான். டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்றார். "சில்லறையாக் குடும்" என்றார் கண்டக்டர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஊர் முன்னால் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும் என்று கொம்பையா இருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் டவுனிலிருந்து தமயந்தி அம்மா வந்து இறங்கினார். வெயிலையும் மழையையும் கணக்கெடுக்கிற அதிகாரி. ராஜா விழுந்த செய்தி மேலிடம்வரை போயிருந்தது. கோயில் திடலில் ஒரு கம்பம் நட்டு, மரப்பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். பக்கத்தில் மழை அளக்க ஒரு குப்பி.

"காலம் முன்னைப்போல இல்லைங்க. பூமியே சூடாகிட்டு வருது. மழை தவறுது, வெயில் கூடுது. ஒன்றரை டிகிரிக்கு மேல ஏறவிடக் கூடாதுன்னு உலகமே பேசிக்கிட்டு இருக்கு" என்றார்.

ஊர்த் தலைவர் ஆவுடையப்பன் யோசித்தார். "உலகத்துக்கே சேர்த்து ஒன்றரைன்னா, நம்ம ஊர்ப் பங்குக்கு ஒரு சிட்டிகைதான வரும்? அதுக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

தமயந்தி அம்மா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, கொம்பையாவிடம் கோடு பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். "இந்தச் சிவப்புக் கோடு ஏறினா வெயில். இறங்கினா குளிர். பத்துக்குக் கீழே போனா ஊட்டி மாதிரி. போர்வை இல்லாம வெளியே நிக்க முடியாது. அந்தக் குப்பியில தண்ணி நின்னா மழை பெஞ்சிருக்குன்னு அர்த்தம். தினமும் உச்சியில பார்த்து எனக்குப் போன் பண்ணுங்க. கொடை அன்னைக்குக் கோடு நாற்பத்திரண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா நாடகம் கிடையாது."

"நாடகத்தைச் சாயங்காலம் வச்சுக்கிட்டா என்ன?" என்று அவரே ஒரு வழியும் சொன்னார்.

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெயில் பட்டாத்தான ஜரிகை மின்னும்? மின்னாத ராசாவை எவன் மதிப்பான்?"

அது நியாயம் என்று ஊர் ஒப்புக்கொண்டது. தமயந்தி அம்மா, மரம் வையுங்கள், நிழல் உண்டாக்குங்கள், கூரைக்கு வெள்ளை அடியுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று உச்சியில் கோடு நாற்பத்தொன்று. தாண்ட இன்னும் ஒன்றுதான் பாக்கி. உடனே ஊர் கூடியது.

"மரம் வச்சா கோடு இறங்கும்னாவ" என்றார் சங்கிலி. ஆட்டுக்காரர், நாடகத்தில் மந்திரி. வேப்பங்கன்று ஒன்றைக் கம்பத்தடியில் நட்டார்கள். சாயங்காலம்வரை சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். கன்று வளர்வதாகத் தெரியவில்லை. "சோம்பேறிக் கன்னு" என்று ஆவுடையப்பன் அதைப் பிடுங்கி எறிந்தார்.

"வளந்த மரமா வச்சா என்ன?" என்றார் சங்கிலி.

இப்படி ஒரு மூளை ஊரில் இருப்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. குளத்தங்கரையில் ஊரே மத்தியானம் படுத்துக் கிடக்கும் பெரிய வேம்புகள் இருந்தன. அவற்றின் நிழலில் படுத்திருந்தவர்களை எழுப்பிவிட்டு, வெட்டிக் கொண்டுவந்து, பெட்டியைச் சுற்றி நட்டார்கள். கோடு ஒரு டிகிரி இறங்கியது. படுக்க இடமில்லாமல் கொதிக்கிற வெயிலில் நின்றுகொண்டு ஊரே கைதட்டியது. இலை காய்ந்து உதிர்ந்ததும் கோடு பழையபடி ஏறிவிட்டது. நன்றி கெட்ட கோடு என்று திட்டினார்கள்.

அடுத்தது வெள்ளை அடிப்பது. வீட்டுக் கூரைக்கு அடித்து என்ன பிரயோசனம், கோடு இருப்பது குழாய்க்குள் அல்லவா? அதனால் கண்ணாடிக் குழாய்க்கே சுண்ணாம்பு அடித்தார்கள். கோடு மறைந்தே போனது. "ஒழிஞ்சுது வெயில்" என்று ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். மிச்சச் சுண்ணாம்பைச் சங்கிலி தன் கறுப்பு ஆடுகளுக்குப் பூசினார். பொழுது சாய்ந்து ஆடு பத்திக்கொண்டு வரும்போது தன் ஆடு ஒன்றையும் காணோம் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யாருடையதோ வெள்ளை ஆடுகள் மட்டும் அவர் பின்னாலேயே வந்தன. நல்ல மனுஷன், அவற்றுக்கும் தண்ணீர் காட்டினார்.

கொம்பையாதான் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்து ஒவ்வொரு நாளும் போன் செய்தார். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றரை. சொல்லச் சொல்ல அவர் குரல் கம்மிக்கொண்டே போனது. குழாய்க்கு மோர் கொடுத்துப் பார்த்தார். சந்தனம் பூசினார். குடை பிடித்தார். குடைக்கு வெளியே நின்று தான் கருகியதை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

கொடை நாளும் வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே கோடு நாற்பதைத் தொட்டுவிட்டது. ராஜா வேஷம் கட்டிக்கொண்டு கொம்பையா பெட்டி முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்தார். அழுதால் அரிதாரம் கலையும் என்று அடக்கிக்கொண்டிருந்தார்.

சர்பத் கடை பேச்சியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், அதுவும் எத்தனை நாளா வெயில்லயே நிக்கி! செத்த நேரம் என் ஐஸ் பெட்டிக்குள்ள படுத்து எந்திரிக்கட்டும்" என்று குழாயைக் கழற்றிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொம்பையா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நாலு" என்றார்.

"நாப்பத்தி நாலா?"

"வெறும் நாலு."

சனங்கள் சந்தோஷத்தில் குலவை போட்டார்கள். ஆவுடையப்பன் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்கலே. ஊட்டிக்கு எம்புட்டுன்னாவ அந்தம்மா?"

"பத்து."

"அப்போ நம்ம ஊரு ஊட்டியைவிடக் குளிருதுன்னுல்ல ஆகுது?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சங்கிலியின் பல்தான் தந்தியடித்தது. "அதான பாத்தேன். காலையில இருந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"எனக்கு வேர்க்குதே?" என்றாள் பேச்சியம்மாள்.

"அது குளிர் வேர்வை, ஆத்தா. ஆபத்து. மூடு, மூடு!"

ஓட்டமும் நடையுமாகப் போய்க் கம்பளி, சாக்கு, ஜமுக்காளம் என்று கிடைத்ததையெல்லாம் போர்த்திக்கொண்டு வந்தார்கள். அப்படியும் குளிர் விடவில்லை. பெட்டியைச் சுற்றி நட்டிருந்த வேம்பு நன்றாகக் காய்ந்திருந்தது வசதியாகப் போயிற்று. கொளுத்திவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தமயந்தி அம்மாவின் ஜீப் வந்து நின்றபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. திடல் நடுவே தீ எரிய, மொத்த ஊரும் கம்பளிக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தது. ராஜா கிரீடத்தின் மேல் மப்ளர் கட்டியிருந்தார்.

"அம்மா, தள்ளி நிக்காதீய. ஜன்னி கண்டுரும்" என்று ஆவுடையப்பன் தன் சாக்கில் பாதியை அவருக்குப் போர்த்திவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட தமயந்தி அம்மா ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் குழாயை எடுத்து நிழலில் பிடித்தார். கோடு இருபதைத் தாண்டி, முப்பதைத் தாண்டி, நாற்பத்து நாலில் போய் நின்றது. சங்கிலி கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தார். "யப்பா! என்னா வெயிலு! இப்ப வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. இந்தம்மா வந்தாவ, வெயிலும் வந்துட்டு."

"வெயிலை அளக்கிற குழாயைக் குளிர வச்சா ஊரு குளிர்ந்துடுமா?" என்று அம்மா கத்தினார்.

"கோடு தாண்டக் கூடாதுன்னுதானம்மா சொன்னீய? வெயிலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் ஆவுடையப்பன், மரியாதை குறையாமல்.

தமயந்தி அம்மா தீயை அணைக்கச் சொன்னார், எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், நாடகம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். கொம்பையா மப்ளரை அவிழ்த்தார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இனி அரிதாரம் கலைந்தால் என்ன என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நரைத்த மீசையில் ரோஸ் நிறம் வழிந்ததைப் பார்த்து, ஜீப்பில் ஏறப் போன அதிகாரி திரும்பி வந்தார்.

"பொழுது சாஞ்சதும் போடுங்களேன். நானும் இருந்து பாக்குறேன்."

"ஜரிகை மின்னாதேம்மா."

"டியூப்லைட் போட்டா மின்னும்."

ஊரே வாயைப் பிளந்தது. படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று பேசிக்கொண்டார்கள். பொழுது சாயச் சாயக் கோடும் தானாகவே இறங்கியது. அதிகாரியிடம் திட்டு வாங்கிய வெட்கம் என்று ஆவுடையப்பன் விளக்கம் சொன்னார்.

நாடகம் ஆரம்பித்தது. காற்றும் கொஞ்சம் வீசியது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஜரிகை தகதகவென்று மின்ன, கொம்பையா மேடைக்கு வந்தார். கையை உயர்த்தினார். தொண்டை அதிர, "மந்திரி! நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டார்.

மந்திரி சங்கிலி வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

ராஜா இன்னும் உரக்கக் கேட்டார். மந்திரி நெளிந்தார். "கொம்பையாண்ணே, அம்மன் முன்னால பொய் சொன்னா நாக்கு அழுகிரும். எங்கண்ணே பெய்யுது? போன ஐப்பசியில தூறுனதோட சரி."

"வசனத்தைச் சொல்லுலே!"

"போன வருசம் பதில் கேக்கதுக்கு முன்னாடியே பால்வண்ணன் அண்ணாச்சி விழுந்துட்டாவ. நான் தப்பிச்சேன். நீங்களும் கொஞ்சம் விழுந்தா என்னண்ணே?"

கொம்பையா உயர்த்திய கையை இறக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து, பதில் இல்லாத ராஜாவாக நிற்பதா? கூட்டத்திலிருந்து ஆவுடையப்பன் எழுந்தார். "நாம எதுக்குச் சண்டை போடணும்? அதுக்குத்தான குப்பி வச்சிருக்கு? குப்பி என்ன சொல்லுதோ அதைச் சொல்லுலே!"

சங்கிலி இறங்கிப் போய்ப் பார்த்தார். குப்பி காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ராஜாவின் முகம் தொங்கிப்போனதைப் பேச்சியம்மாள் பார்த்தாள். அவள் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவி இல்லை. சர்பத் செம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்க் குப்பியில் மூன்று தடவை ஊற்றினாள்.

சங்கிலி மறுபடியும் குனிந்து பார்த்தார். தண்ணீர் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது. மேடைக்குத் தாவி ஏறி, "பொழிகிறது மன்னா! மும்மாரியும் பொழிகிறது! நன்னாரி வாசத்தோட பொழிகிறது!" என்று முழங்கினார்.

எங்கேயோ ஒரு பெண், "ஐயோ, மாடியில வத்தல் காயுது!" என்று அலறினாள். அவ்வளவுதான். பாயைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஊரே வீட்டைப் பார்த்து ஓடியது. "நனையாத, நனையாத!" என்று ஆவுடையப்பன் பேச்சியம்மாளை விரட்டிக்கொண்டே போனார். மந்திரியும் ஆடுகளின் ஞாபகம் வந்து ஓடிவிட்டார். சுண்ணாம்பு கரைந்தால் அவை யாருடையவை என்று தெரிந்துபோகுமே!

கொம்பையா மட்டும் நகரவில்லை. அட்டைக் கிரீடம் ஊறிவிடாமல் அங்கிக்குள் செருகிக்கொண்டு, வெறுந்திடலைப் பார்த்து, பூரித்த முகத்தோடு அடுத்த வசனத்தையும் சொன்னார்: "அப்படியானால் என் குடிமக்கள் எல்லாரும் நலமே!"

முன்வரிசையில் தமயந்தி அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மெல்லக் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.