ஆப்பிள் மரத்தில் தொங்கும் ரொட்டி

அந்தக் காலத்தில் பறவைக்கும் மரத்துக்கும் வாய் இருந்தது. மனுஷனுக்குக் காது இருந்ததா என்பதுதான் சந்தேகம்.

இங்கிலாந்தின் மேற்கே சோமர்செட் என்றொரு சீமை. திரும்பின பக்கமெல்லாம் ஆப்பிள் தோப்பு. பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்து, சைடர் என்ற பானம் செய்வார்கள். அங்கே தாம்சின் என்றொருத்தி இருந்தாள். கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா கொடுத்தனுப்பிய சீதனம் ஒரே ஒரு ஆப்பிள் கன்று. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கன்று மரமாகி நின்றது. தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள தாம்சினுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

அவள் புருஷன் அம்புரோஸ் நல்ல உழைப்பாளி, ஆனால் சரியான அவசரக்குடுக்கை. ஏதோ ஒரு குருவி மொட்டைக் கொத்துவதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான்! செப்புச் சட்டியை எடுத்து டமடமவென்று தட்டி, தோப்பிலிருந்த பறவைகள் அத்தனையையும் விரட்டியடித்தான். மார்பு சிவந்த ராபின் குருவி எந்த மொட்டையும் தொட்டதில்லை, பாவம். அதுவும் போயிற்று.

பிறகு மூன்று வருஷம் தாம்சினின் சீதன மரம் காய்க்கவே இல்லை.

"சும்மா நிற்கிற மரம் அடுப்புக்காவது ஆகட்டும். நாளைக் காலையில் வெட்டிவிடுகிறேன்" என்றான் அம்புரோஸ். அது கடும் குளிர்கால ஜனவரி.

தாம்சின் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். "ஏன் தாயே, ஒரே ஒரு காய் காட்டக்கூடாதா?"

"எப்படியம்மா காய்ப்பேன்? பட்டைக்குள் புழு குடைகிறது. பொறுக்கித் தின்ற ராபினைத்தான் உன் வீட்டுக்காரர் துரத்திவிட்டாரே" என்றது மரம்.

வேலிப் புதரில் ராபின் நடுங்கிக்கொண்டிருந்தது. தாம்சின் கெஞ்சினாள். அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"சட்டிச் சத்தம் இன்னும் காதில் இரைகிறது. துரத்தின இடத்திலேயே சாப்பாடு வைத்துக் கூப்பிடு, வருகிறேன்."

நியாயம்தானே! வீட்டில் இருந்ததோ காய்ந்துபோன ஒரு துண்டு ரொட்டி. குருவி அலகுக்கு அது எப்படி இறங்கும்? அதைச் சுட்டு, சைடரில் நன்றாக ஊறவைத்து, விடிந்ததும் கிளையில் மாட்டினாள். ராபின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

அம்புரோஸ் கோடாலியோடு வந்தான். "என்னடி கூத்து இது?"

"விருந்தாளி வந்திருக்கு. சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் வெட்டுங்க" என்றாள்.

ராபின் தின்றது. சைடர் கொஞ்சம் தலைக்கேற, தள்ளாடிக்கொண்டே பட்டையைக் கொத்தி ஒரு கொழுத்த புழுவை இழுத்துப் போட்டது. பிறகு இன்னொன்று. அம்புரோஸ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அட பாவி, நானேதான் இந்த மரத்தைக் கொன்றிருக்கேனா?" என்றவன், விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் அதே செப்புச் சட்டியோடு வந்தான். ராபின் சிறகை விரித்தது. தாம்சினுக்கு உயிரே போய்விட்டது.

அவனோ வேலிப்பக்கம் திரும்பிச் சட்டியைத் தட்டினான். "தெரியாமல் செய்துட்டேன்! எல்லாரும் வாங்க, வந்து சாப்பிடுங்க!" என்று கத்தினான். வீட்டிலிருந்து தன் கோப்பைச் சைடரைக் கொண்டுவந்து மரத்தின் வேரில் ஊற்றி மன்னிப்பும் கேட்டான்.

அந்த இலையுதிர்காலத்தில் கிளை தாங்காமல் காய்த்தது. முதல் பழத்தைக் கடித்த தாம்சின், அம்மாவை நினைத்து வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான் சோமர்செட்காரர்கள் ஜனவரி பிறந்ததும் தோப்புக்குப் போய், சைடரில் நனைத்த ரொட்டியை ஆப்பிள் மரத்தில் மாட்டி, வேருக்கும் ஒரு வாய் ஊற்றி, சட்டியைத் தட்டிப் பாடுகிறார்கள். பேயை விரட்டத்தான் அந்தச் சத்தம் என்பார்கள் சிலர். அதெல்லாம் இல்லை, துரத்தின சட்டியைத் தட்டித்தான் பறவைகளை இன்றுவரை திரும்பக் கூப்பிடுகிறார்கள்.