துண்டுக்குள் விற்ற கட்டடம்

நல்லமங்கலம் கடைத்தெருவில் இருக்கும் பருத்தி மண்டிக் கட்டடத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கட்டும். முப்பத்தாறு தூண். மேலே மாடி. நூறு வருஷம் ஆகப்போகிறது, காரையில் ஒரு விரிசல் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஓலைக் கொட்டகையில் பருத்தி விற்ற காலத்தில் எங்கள் ஊர் இந்த மாடிக்குக் கீழே விற்றது.

அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவர் கைமேல் துண்டைப் போட்டு, வாங்குபவர் உள்ளே விரலைப் பிடிப்பார். விரல்தான் விலை. விற்பவர் "சரி" என்று துண்டை உதறினால் முடிந்தது. அந்த விலையை வெளியே சொல்கிறவனுக்கு மறுநாள் யாரும் கை கொடுக்கமாட்டார்கள்.

கட்டடத்தைக் கட்டியவர் எத்திராஜ நாயக்கர். பருத்தி விலை விழுந்த ஒரு வருஷம் அதை விற்கவேண்டி வந்தது. மண்டி வியாபாரி மீரான் ராவுத்தரைக் கூப்பிட்டார். ஊரே பார்க்கத் துண்டுக்குள் விரல் பிடித்தார்கள். நாயக்கர் "சரி" என்று துண்டை உதறினார். பத்திரம் எழுதுவதற்குள், மதியம் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வெளியூர் ஆலைக்காரர் ஒருவர் மண்டிக்கு வந்து, கட்டடத்துக்கு ஒரு விலையை உரக்கச் சொன்னார். பெரிய விலை. நாயக்கர் குடும்பத்துக்கோ அந்தக் கட்டடத்தை விட்டால் வேறு சொத்து இல்லை.

நாயக்கர் மகன் கோவிந்தராசு ராவுத்தரிடம் கேட்டார். "மாமா, எங்கப்பாகிட்ட நீங்க பேசின விலை என்ன?"

"துண்டைப் போடு மாப்ளே, காட்டுறேன். வாயால கேக்காதே."

"இப்பக் காட்டுற விரலும் அன்னைக்குப் பிடிச்ச விரலும் ஒண்ணுதான்னு யாரு சாட்சி?"

"ஒங்கப்பன்."

"அவரத்தான் எரிச்சிட்டு வந்திருக்கோமே."

கூட்டத்தில் ஒருவன், "ஆலைக்காரர் கால் விரலையும் சேத்துப் பிடிப்பாரு போல" என்றான். சிரித்தார்கள்.

ராவுத்தர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நம்பிக்கை இல்லேன்னா அவருக்கே குடு. கட்டடம் போனாப் போகுது. விலைய நான் வாயால சொல்லமாட்டேன்."

தூணோரம் நின்ற நாயக்கர் மனைவி ரெங்கம்மாள் முன்னால் வந்தார். அந்த மண்டியில் அதுவரை எந்தப் பெண்ணும் கை நீட்டியதில்லை. தான் எடுத்த பருத்திக்குக்கூட ஆண்பிள்ளையைத்தான் அனுப்ப வேண்டும். அந்த அம்மாள் கையை நீட்டி, மேலே புருஷனுடைய துண்டைப் போட்டார்.

"எத்தன விரலா இருந்தாலும் எனக்குச் சம்மதம். பிடிங்கண்ணே."

"தாயி, யோசிச்சு..."

"பிடிங்க. வெயில் ஏறுது."

ராவுத்தர் பிடித்தார். அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி" என்று துண்டை உதறினார். மகன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஆலைக்காரர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாட்சி கேட்டார் மகன். கட்டடமே போனாலும் வாய் திறக்கமாட்டேன் என்றார் ராவுத்தர். எண் தெரியாமலே சம்மதித்தார் ரெங்கம்மாள். இந்த மூவரில் யார் செய்தது சரி? யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்க வேண்டாம். இப்போதே சொல்லுங்கள்.

விடை: ரெங்கம்மாள். மகன் கேட்டதில் தப்பில்லை, நானும் கேட்டிருப்பேன். ராவுத்தர் கை துண்டுக்குள் போன கை, அது கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும். அந்த அம்மாள் கைக்கு ஒரு கட்டும் கிடையாது. இருந்தும் நீட்டினார். ராவுத்தர் ஒரு விரலைக் குறைத்துப் பிடித்திருந்தால் என்று கேட்பீர்கள். தெரியாது. அந்த வீட்டார் கடைசிவரை சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அடுத்த சந்தையன்று மூன்று பெண்கள் பருத்தி மூட்டையோடு வந்து தாங்களே கை நீட்டினார்கள். தடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவர்கள் நின்ற கட்டடத்தையே விற்றது ஒரு பெண் கை.