முதல் சாவி

குருவுக்கும் சீடருக்கும் ஒரே வயது. கொஞ்சம் சங்கடமான விஷயம்தான், என்ன செய்ய? விக்கிரமசிங்கபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் அவர்கள். கோமதிநாயகம் படிப்பை விட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து, மலையடிவாரத்தில் ஒரு சுனைக்குப் பக்கத்தில் குடிசை போட்டு உட்கார்ந்தார். ஊர் அவரைச் சுனைச்சாமி என்றது. உலகநாதன் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு அவருக்குச் சீடரானார்.

நாலு பேர் முன்னால் "சாமி" என்பார். பயமோ கோபமோ வந்துவிட்டால் "ஏல கோமதி" என்று வாயில் வந்துவிடும். சாமி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பார்.

உலகநாதனிடம் ஒரு பழைய கார் உண்டு. அதை இதுவரை எந்த மெக்கானிக் கையிலும் அவர் கொடுத்ததில்லை. மகளைக் கட்டிக் கொடுக்கும்போதுகூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை என்பாள் அவர் மனைவி சொர்ணம்.

அந்த மகள் செல்வி இப்போது தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றில் பிள்ளையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, வலி எடுத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் திருநெல்வேலிக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நாளும் நெருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் காருக்கு அடியில் ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் தேங்கி நின்றது.

வாட்டர் பம்ப் ஒழுகுகிறது. பம்ப் இருப்பதோ டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால். அதைக் கழற்றாமல் இதைத் தொட முடியாது. பெல்ட்டும் பழசு. ஓடும்போது அறுந்தால் எஞ்சினுக்கே உலை வைத்துவிடும். இரண்டையும் மாற்றிவிடுவது என்று உலகநாதன் முடிவு செய்தார்.

"ஒரு வாடகைக் கார் சொல்லி வெச்சிருவோமே" என்றாள் சொர்ணம்.

"அர்த்த ராத்திரியில வலி எடுத்தா எவன்டி எந்திரிச்சு வருவான்?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

முற்றத்தில் வேலை நடந்தது. வேலை என்றால் அதுதான் வேலை. காரின் முன்பக்கத்தில் ஒரு மூலையைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஒரு பெரிய அட்டையில் எஞ்சினின் முகத்தை அப்படியே வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தார். பழைய பம்ப் இருந்த இடத்தில் ஒட்டிக் கிடந்த பசையை, மீன் செதிலை எடுப்பதுபோல் பொறுமையாகச் சுரண்டினார். கடைசியில் விரலால் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுப் பம்ப் ஏறியது. அப்போதுதான் சொர்ணம் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பத்தரைக்கு ராகுகாலம், பாத்துக்கிடுங்க."

உலகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மளமளவென்று புதுப் பெல்ட்டை மாட்டினார். மொபெட்டை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் பறந்தார். சாமியைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். ஸ்டாண்டில் நிற்காத மூன்று டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சொர்ணம் கற்பூரத்தட்டோடு நின்றாள். இன்னொரு தட்டில் வெற்றிலை வைத்து, அதன்மேல் சாவியை வைத்து உலகநாதன் நீட்டினார்.

"முதல் சாவி உங்க கையால, சாமி."

சாமி சாவியை எடுக்கவில்லை. காருக்கு முன்னால் போய்க் குனிந்தார். பெல்ட்டின் மூடியை மட்டும் இன்னும் போடவில்லை. அதன் போல்ட்டுகள் அட்டையில் இருந்தன.

"இது என்ன?"

"எது எங்க இருந்துச்சோ அப்படியே குத்தி வெச்சிருக்கேன், சாமி. மாறிரக்கூடாதுல்லா."

"நல்லா இருக்கு" என்றார் சாமி. அட்டையை வெகுநேரம் பார்த்தார். உலகநாதனுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் கண் வாட்சுக்குப் போனது.

"சாவியத் திருப்புனா என்ன ஆகும்?"

"எஞ்சின் சுத்தும்."

"எது சுத்தும்? காட்டு."

உலகநாதன் குனிந்து காட்டினார். "கீழ இருக்க சக்கரம் பிஸ்டனை ஏத்தி இறக்கும். மேல இருக்கது வால்வைத் திறந்து மூடும். ரெண்டையும் இந்தப் பெல்ட்டுதான் சேர்த்துப் பிடிச்சிருக்கு. பிஸ்டன் மேல வாரப்போ வால்வு ஒதுங்கி வழி விடணும். இல்லன்னா முட்டிக்கிடும்."

"முட்டிக்கிட்டா?"

"வால்வு வளைஞ்சிரும். அதோட எஞ்சின் காலி."

"இப்ப முட்டாதா?"

"அதுக்குத்தான் சக்கரத்துல புள்ளி இருக்கு. புள்ளியப் பாத்துத்தான் மாட்டிருக்கேன்."

"சாவியால சுத்துறதைக் கையால சுத்த முடியாதா?"

உலகநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "முடியும், சாமி. ஸ்பேனரப் போட்டுக் கீழ்ச் சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும்னுதான் சொல்லுவாங்க. கையால மெள்ளச் சுத்துனா, முட்டுனாலும் சேதம் இல்ல. அங்கனயே நின்னுரும்."

"சுத்துனியா?"

உலகநாதன் வாட்சைத் திருப்பிக் காட்டினார்.

"ராகுகாலம் வந்துருது, சாமி" என்றார் பிறகு. "அதான் உங்களையே கூட்டியாந்துட்டேன்லா. உங்க கை பட்டாப் போதாதா?"

சாமி பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "சுத்து. பாக்கணும்போல இருக்கு."

இதென்னடா வம்பாப் போச்சு என்று உலகநாதன் ஸ்பேனரை எடுத்தார். சொர்ணம் வாசலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கற்பூரத்தைப் பார்த்தாள்.

ஸ்பேனர் மெல்லத் திரும்பியது. கொஞ்சம் கனமாக, கொஞ்சம் லேசாக, மறுபடி கனமாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. அழுத்தினார். அசையவில்லை.

"புதுப் பெல்ட்டுல்லா, இறுக்கமா இருக்கு" என்றபடி, ஸ்பேனர் பிடிக்கு நீளம் கூட்ட ஒரு இரும்புப் பைப்பைத் தேடினார்.

"உலகு" என்றார் சாமி. "உன் கை என்ன சொல்லுது?"

பைப்பை எடுக்கப் போன கை நின்றது. உலகநாதன் மறுபடி ஸ்பேனரைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு லேசாகத் தள்ளினார். மில்லில் முப்பது வருஷம் இரும்போடு புழங்கிய கை அது. பெல்ட் இறுக்கத்துக்கும் இதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாதா?

"முட்டுதுன்னு சொல்லுது" என்றார். சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

டார்ச்சை அடித்துப் பார்த்தார். மேல் சக்கரத்தில் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று பெல்ட் மாட்டுவதற்கு, இன்னொன்று வேறொரு வேலைக்கு. இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? ராகுகாலத்துக்கு முன்னால் முடிக்கிற அவசரத்தில், கண்ணில் முதலில் பட்ட புள்ளியை நேராக்கி மாட்டியிருந்தார். சாவியைத் திருப்பியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும்.

"ஏல கோமதி" என்றார் உலகநாதன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ள இந்தக் காரைத்தாம்ல நம்பிக்கிட்டு இருக்கா."

செல்வி இடுப்பைப் பிடித்தபடி நிலைப்படிக்கு வந்தாள். "என்னப்பா?" என்றாள். அவரால் மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. அப்பா வேலை பாக்கான்" என்றார் சாமி.

ராகுகாலம் பிறந்தது. சொர்ணம் கற்பூரத்தட்டை ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். உலகநாதன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினார். முட்டி நின்ற பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திவிட்டு, மேல் சக்கரத்தை அதற்குரிய புள்ளிக்குக் கொண்டுவந்தார். கீழ்ச் சக்கரத்தையும் நேராக்கினார். இந்தத் தடவை வாட்சைக் கழற்றிச் சன்னலில் வைத்துவிட்டார். சாமி டார்ச் பிடித்தார். கை வலித்திருக்கும், மாற்றிக்கூடப் பிடிக்கவில்லை.

பெல்ட் ஏறியது. ஸ்பேனரைப் போட்டார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. எங்கேயும் தட்டாமல் வந்து, மேல் சக்கரத்துப் புள்ளியும் கீழ்ச் சக்கரத்துப் புள்ளியும் தத்தம் இடத்தில் நின்றன. யாரும் சொல்லாமலே மறுபடி இரண்டு சுற்று சுற்றினார். மறுபடியும் அதே இடம்.

மூடியைப் போட்டார், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். சாமி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். உலகநாதன் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறித் தானே திருப்பினார்.

வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக வந்தது. சூடேறி ஃபேன் ஓடி நின்ற பிறகும் அவர் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு இல்லை. சொர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமிக்கு நாலு தோசை ஊத்துதேன்" என்று அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் மொபெட்டில் கொண்டுபோய் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டபோது உலகநாதன் கேட்டார்.

"கோமதி, உள்ளதைச் சொல்லு. புள்ளி மாறிருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது, உலகு. எது புள்ளின்னுகூடத் தெரியாது."

"பின்ன ஏன் சாவியத் தொடல?"

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடிசைப் பாதையில் ஏறினார். நாலு அடி போய்த் திரும்பினார்.

"நீ கையால சுத்திப் பாத்திருந்தா, என்னையத் தேடி வந்திருக்க மாட்ட."