எட்டில் ஓர் எழுத்து

ஒரு தடவைதான் சொல்வேன். காதைக் கொடுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு வங்கி. வெளிநாட்டுப் பணத்தைப் பார்ப்பவள் ஜெசிந்தா. அப்படிப் பணம் வர ஸ்விஃப்ட் கோடு என்று எட்டு எழுத்து உண்டு. வங்கிக்கு நாலு, நாட்டுக்கு இரண்டு, ஊருக்கு இரண்டு. ஒன்று பிசகினாலும் பணம் அந்தப் பக்கமே நின்றுவிடும்.

அவளிடம் வருகிறவர் சிதம்பரநாதன். முப்பத்து நாலு வருஷம் தபால் பிரித்தவர். ஒரு கடிதம்கூட ஊர் மாறிப் போனதில்லை. மனைவி இல்லை. ஒரே மகள் கோமதி நார்வேயில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்: "டீடெய்ல்ஸ் அனுப்புங்கப்பா." எதையும் குறித்து வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. இவர் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புவார். பணம் வரும். பேச்சு அவ்வளவே.

போன வருஷம் கைதவறி ஓர் எழுத்து மாறிற்று. பணம் வரவில்லை; மகளிடமிருந்து போன் வந்தது.

"எட்டு எழுத்தையும் சரிபாத்தோம் தாயி. நாப்பது நிமிசம்!" என்றார் ஜெசிந்தாவிடம்.

அடுத்த முறை நாட்டு எழுத்து தவறியது. அதற்கடுத்து ஊர் எழுத்து. சுவரில் ஒட்டிய பொடி எழுத்து வட்டி அட்டவணையைக் கண்ணாடி போடாமல் வாசிக்கிறவர்!

"போன தடவை சரியா எழுதினதைப் போயி தப்பா எழுதியிருக்கீங்களே சார்?"

"வயசாயிட்டுல்லா."

ஒரு வியாழக்கிழமை கோமதி வங்கிக்கே போன் செய்தாள்.

"அப்பாவுக்கு மறதி முத்திட்டு மேடம். வீட்டை வித்துட்டு ஹோம்ல சேக்கலாம்னு பாக்கேன். அந்த எட்டு எழுத்தை நீங்களே சொல்லிருங்க, சேவ் பண்ணிக்கிடுதேன். இனி அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

எழுத்தைச் சொன்னால் கிழவருக்கு வரும் அந்த போன் நின்றுபோகும். தப்புக்குக் காரணத்தைச் சொல்லாவிட்டால் மறதிக்காரர் என்றே முடிவாகி வீடு போகும். அவர் வாய்விட்டுச் சொல்லாததை எடுத்துச் சொல்ல இவள் யார்?

ஜெசிந்தா என்ன சொல்வது சரி?

விடை: எட்டெழுத்தைச் சொல்லிவிட வேண்டும், மறைக்க அது அவள் சொத்தல்ல. அவள் சொன்னாள். கூடவே ஒன்று கேட்டாள்: "மூணு தடவையும் வேற வேற எழுத்து; மத்த ஏழும் சரி. மறதிக்காரர் இப்படியா தப்பு பண்ணுவார்? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் பேசினீங்க?"

திங்கட்கிழமை சிதம்பரநாதன் வந்து நின்றார். "சொல்லிட்டியாமே?"

"ஆமா சார்."

"நேத்து பேசினா. பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

அடுத்த முறைக்கென்று ஓர் எழுத்தை மாற்றி எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.