மன்னிப்புப் பாடல்

பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் தீப்பிடித்தது. தீ பரவக் கூடாதென்று சுரங்க வாயை அடைக்கச் சொன்னார் மேலாளர். உள்ளே ஆட்கள் உயிரோடு இருந்தார்கள்.

இசையமைப்பாளர் ஆஸ்கர் லிண்ட் அதை ஓபராவாக, முழுக்கப் பாட்டாலான மேடை நாடகமாக எழுதினார். கடைசிக் காட்சியில், மகனைப் பறிகொடுத்த தாய் மேலாளரை மன்னித்துப் பாடுவாள். அரங்கேற்றத்தன்று அந்தப் பாட்டுக்குக் கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது.

ஒருத்தி மட்டும் எழவில்லை. அந்தச் சுரங்கத்தில் உண்மையிலேயே மகனைப் பறிகொடுத்த தாய், வெர்னா. திரை இறங்கியதும் லிண்டிடம் வந்தாள்.

"நான் அவனை மன்னித்தேன் என்று உங்களிடம் யார் சொன்னது?"

லிண்ட் பாட்டை எடுத்துவிட்டார். பிரதிகளை எரித்தார். அடுத்த முறை மேடையில் தாய் மேலாளரின் எதிரே வந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. திரை இறங்கியது. யாரும் கைதட்டவில்லை.

அதன்பின் பெரிய அரங்குகள் அந்த ஓபராவைத் தொடவில்லை. எப்போதாவது ஒரு கல்லூரியில் நடக்கும். ஒவ்வொரு முறையும் லிண்ட் எதையாவது திருத்துவார். கடைசிக் காட்சியில் மட்டும் கை வைக்க மாட்டார்.

வருடங்கள் போயின. அரங்கேற்றத்துக்குப் பியானோ வாசித்த மாணவி மிரியம் நியூயார்க்கில் பேர்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஆனாள். ஒருநாள் அவரைப் பார்க்க வந்தாள். லிண்டின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது.

"உங்கள் ஓபராவை மேடையேற்ற எங்கள் அரங்கம் சம்மதித்துவிட்டது, ஐயா. ஆனால் அந்தப் பாட்டு வேண்டுமாம்."

"பாட்டுதான் இல்லையே."

"எனக்கு மனப்பாடம்."

லிண்ட் அவளையே பார்த்தார். "வாசி."

வாசித்தாள். முடித்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"நீங்கள் எழுதியதிலேயே இதுதான் உயர்ந்தது" என்றாள்.

"ஆமாம். அரங்கேற்றத்தன்று மேலாளரின் மகனும் அழுதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். அப்பா இனி நிம்மதியாகத் தூங்குவார் என்றான்."

மிரியம் மெல்லச் சொன்னாள். "வெர்னா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல இனி யாரும் இல்லை."

"நான் இருக்கிறேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"எனக்குப் பிறகு நீதான், மிரியம். என்ன சொல்லப்போகிறாய்?"